ஒதுங்குகிற மூன்று வண்டிகள்

வாணியின் வண்டியில் முட்டை இருந்தது. இந்தக் கதையில் நடந்த அத்தனைக்கும் அதுதான் காரணம் என்றால் சிரிப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

கோகிலவாணி நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் முட்டை ஏற்றிக் கரூர்க் கடைகளுக்குப் போடுகிறவள். நாற்பத்தாறு வயது. சின்ன லோடு வண்டி, பின்னால் நூற்றைம்பது அட்டை, அட்டைக்கு முப்பது முட்டை. முட்டை வண்டிக்காரர்கள் ஓட்டுவதை நால்வழிச் சாலையில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிரேக்கை மிதிக்க மாட்டார்கள், தடவுவார்கள். பின்னால் ஒருவன் அவசரமாக வருவது கண்ணாடியில் தெரிந்தாலே போதும், அவன் ஹாரனில் கை வைப்பதற்கு முன்பே மெல்ல இடது தடத்துக்கு இறங்கி வழி விட்டுவிடுவார்கள். பார்க்கிறவர்களுக்கு அது மரியாதை. உள்ளே இருப்பது முட்டை. ஆனால் இருபது வருஷம் அப்படியே ஓட்டினால் கைக்கு அது பழகிப்போகிறது. வாணி காலி வண்டியிலும் அப்படித்தான் ஓட்டினாள்.

அந்தச் சாலையில் ஓடுகிற எல்லா வண்டியிலும் ஸ்டீயரிங்குக்கு மேலே உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடிப் பலகை பொருத்தியிருந்தார்கள். அதற்கு அரசாங்கம் வைத்த பெயர் நீளமானது. லாரிக்காரர்கள் நாட்டாமை என்று கூப்பிட்டார்கள். பச்சை எரிந்தால் வலது தடம் உனக்கு, போய்க்கொண்டே இரு. மஞ்சள் எரிந்தால் இடது தடத்துக்கு ஒதுங்கு, பின்னால் வருகிறவனை விடு. சாலை முழுவதையும் மேலிருந்து பார்த்து யாருக்கு யார் வழி விடுவது என்று அது தீர்த்து வைத்தது. வந்த புதிதில் ஜனங்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். சண்டை குறைந்தது, சாவு குறைந்தது. ஓட்டுநர் சங்கங்கள் போராடி ஒன்றை மட்டும் வாங்கியிருந்தன. நாட்டாமை சொல்லலாம், கட்டாயப்படுத்தக் கூடாது. கேட்காதவனுக்கு அபராதம் கிடையாது.

அந்தப் புதன்கிழமை காலையில் மஞ்சள் எரிந்தது. வாணி ஒதுங்கினாள். முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தது. அதன் வாலில் ஒட்டிக்கொண்டு எட்டு நிமிஷம் ஊர்ந்தாள்.

"எத்தனாவது மஞ்சள் புள்ள?" என்று கேட்டார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வையாபுரி.

"எண்ணலீங்க."

"நான் எண்ணிட்டேன். பதினாலு. நமக்குக் கல்யாணம் ஆனப்போகூட மஞ்சள் இவ்வளவு இல்ல."

வையாபுரி அவள் கணவர். இருபத்தைந்து வருஷம் வடநாட்டுக்கு லாரி ஓட்டியவர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டபின் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்தால்தான் மூச்சு. நாமக்கல்லில் இடம் கிடைக்கவில்லை. கரூரில் ஒரு சின்ன மருத்துவமனையில் காலை ஒன்பது மணி நாற்காலி ஒன்று கிடைத்தது. அதனால் முட்டையும் அவரும் ஒரே வண்டியில் போனார்கள். ஒரு நாளைக்கு அவருக்கு மூன்று டம்ளர் தண்ணீர்தான் கணக்கு. காலைப் பங்கை ஒரு மூடியில் ஊற்றி நாக்கை நனைத்துக்கொண்டே வருவார்.

அவர்களுக்குப் பின்னால் இன்னொரு வண்டியும் இடது தடத்தில் ஊர்ந்தது. வெள்ளை வேன். பல மாதமாக இவர்களோடு அதே நேரத்தில் வருகிற வண்டிதான். ஓட்டுகிறவர் முகம் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே கைதான் தெரியும், மணிக்கட்டில் செப்புக் காப்பு. வாணி வழி விட்டால் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கதவில் இரண்டு தட்டு தட்டுவார். வாணி பதிலுக்கு நாலு விரலை மடக்கி விரிப்பாள். இந்தக் காலத்தில் அப்படிக் கை காட்டுகிறவர்கள் எங்கே இருக்கிறார்கள்? எல்லாரும் பலகையைத்தான் பார்க்கிறார்கள்.

"உன்ற சிநேகிதன் வந்துட்டான்," என்றார் வையாபுரி. "ரெண்டு பேரும் சேந்து இந்த ரோட்டுக்கே தொண்டு செய்யறீங்க."

டிராக்டர் விலகியதும் வாணி வேனுக்கும் வழி விட்டாள், அது முன்னால் போய்விட்டது. மருத்துவமனைக்குள் நுழைந்தபோது மணி ஒன்பது இருபத்திரண்டு. செவிலியர் ரெஜினா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், வாணியைப் பார்த்தார்.

"அக்கா, இந்த மாசத்துல இது ரெண்டாவது. பதினஞ்சு நிமிஷந்தான் நான் தாங்க முடியும். மூணாவது தடவ லேட்டுன்னா நாற்காலி வெயிட்டிங்ல இருக்கறவங்களுக்குப் போயிரும். பதினோரு பேர் நிக்கறாங்க."

"ரோடு உடமாட்டேங்குது சிஸ்டர்."

"எல்லாருக்கும் அதே ரோடுதானக்கா."

அந்தச் சொல் வாணிக்குத் தைத்தது. எல்லாருக்கும் அதே ரோடா? அவள் ஐந்தரைக்கு எழுந்து ஏழே காலுக்குக் கிளம்புகிறவள். அவளுக்குப் பின்னால் கிளம்பிய பஸ் அவளுக்கு முன்னால் போய்ச் சேர்கிறது.

வையாபுரியை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, கடைகளுக்கு முட்டையைப் போட்டுவிட்டு, சுங்கச் சாவடி ஓரத்தில் இருந்த சாலை அலுவலகத்துக்குப் போனாள். இளம்பரிதி என்ற பொறியாளர் இருந்தார். சின்ன வயசு, கண்ணில் தூக்கம். அவள் வண்டி எண்ணைக் கேட்டுத் தட்டிப் பார்த்தார்.

"முட்டை வண்டிங்களா?"

"எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"நீங்க பிரேக் போடற தினுசு. கோடு போட்ட மாதிரி இருக்கு."

"என்ற வண்டிய மட்டும் ஏனுங்க ஒதுங்கச் சொல்லுது?"

இளம்பரிதி நாற்காலியைக் கிட்டே இழுத்துக்கொண்டார். "அப்படி நாங்க யாரும் எழுதி வைக்கலீங்கக்கா. அதுக்கு நாங்க குடுத்த வேல ஒண்ணுதான். ரோட்டுல திடீர் பிரேக் விழக்கூடாது. இப்ப ஒருத்தன ஒதுங்கச் சொல்லி அவன் கேக்கலைன்னா என்னாகும்? பின்னாடி வர்றவன் பிரேக் போடுவான், அவனுக்குப் பின்னாடி இருபது பேரு போடுவான். கேக்காதவன்கிட்டச் சொல்றது நட்டம்னு அது கத்துக்கிச்சு. சொன்னாக் கேக்கறவங்ககிட்ட மட்டும் சொல்லுது."

"அப்ப கேக்காதவனுக்கு?"

"எப்பவும் பச்சை."

வாணி சிரித்தாள். சிரிப்பு வந்த இடம் நல்ல இடமில்லை. "எங்க மாமியா ஊட்டுல மூணு மருமகளுங்க. எவ கூப்புட்டவுடனே எந்திரிச்சாளோ அவளத்தான் மறுக்காவும் கூப்புடுவாங்க. அது நான்தான். இங்கயுமா?"

"ஆரம்பத்துல காலை நேரத்துல, இந்தத் திசையில, நம்பி ஒதுங்கறவங்க எண்ணூத்திச் சொச்சம் இருந்தாங்க. வெவரம் புரிஞ்சவங்க ஒவ்வொருத்தரா கழண்டுக்கிட்டாங்க. அவங்க பாரம் மிச்சம் இருக்கறவங்க மேல ஏறும். இப்ப மூணே வண்டி. ஒரு பால் வண்டி, ஒரு வெள்ளை வேன், நீங்க."

"வண்டியில நோயாளி இருக்காருன்னு பதிஞ்சுக்க முடியாதுங்களா?"

"ஆம்புலன்சுக்கு மட்டுந்தான். பதிய விட்டா நாளைக்கே எல்லா வண்டியிலயும் ஒரு நோயாளி இருப்பாங்கக்கா." கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "நான் சொன்னேன்னு இருக்க வேண்டாம். தொடர்ந்து நாப்பது மஞ்சளுக்கு அசையாம இருங்க. உங்களையும் விட்டுரும்."

"அப்பறம் ஒருநாள் ஒதுங்கோணும்னு தோணுனா? திருப்பி நம்பறதுக்கு எத்தன நாளாகும்?"

இளம்பரிதி தலையைச் சொறிந்தார். "அத இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லீங்க."

முரட்டுத்தனத்தைப் பழகுவது எவ்வளவு கஷ்டம் என்று அடுத்த நாள்தான் வாணிக்குத் தெரிந்தது. முட்டை ஏற்றாமல் காலி அட்டையோடு கிளம்பினாள். வேலூர்க் காவிரிப் பாலத்துக்கு முன்னால் முதல் மஞ்சள் எரிந்தது. கை தானாக இடது பக்கம் திரும்பியது. இழுத்துப் பிடித்தாள். பின்னால் வந்த கார் ஹாரன் அடித்தது, விளக்கை மின்னியது, பம்பருக்கு ஒரு முழம் வரை வந்து உறுமியது. கார்க்காரன் கடைசியில் இடது பக்கமாக ஏறி முந்திக்கொண்டு போகும்போது ஜன்னலை இறக்கி அவளை ஒரு வார்த்தை சொன்னான். அந்த வார்த்தையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

"அவன் அப்பன் ஊட்டு ரோடா?" என்று வாணி தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லிவிட்டுப் பார்த்தால் கண்ணில் தண்ணீர்.

வெள்ளிக்கிழமை வையாபுரியும் உடனிருந்தார். முட்டையும் இருந்தது. வலது தடத்தை விடாத வண்டிக்குப் பிரேக்கைத் தடவிக்கொண்டிருக்க நேரமில்லை, மிதிக்கத்தான் வேண்டும். கரூரில் இறக்கிப் பார்த்தால் ஆறு அட்டையில் மஞ்சள் கரு வழிந்தது.

"மஞ்சள நீ விட்டாலும் மஞ்சள் உன்ன விடாது போ," என்றார் வையாபுரி. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏம் புள்ள, எனக்காவ இதெல்லாம் வேண்டாம். உன்றகூட ரோட்டுல வரவே வெக்கமா இருக்குது. நான் லாரி ஓட்டுன காலத்துல இப்படி வழி விடாம நிக்கறவன இறக்கி வெச்சுக் கேப்போம்," என்றார்.

"கேட்டு முடிச்சுட்டு ஒம்பது மணிக்கு நாற்காலியில உக்காருவீங்களா?"

அவர் மூடியில் நாக்கை நனைத்துக்கொண்டார்.

நாட்கள் போகப்போக மஞ்சள் குறைந்தது. ஒரு காலையில் பதினொன்று, இன்னொரு காலையில் ஏழு, மூன்று. பால் வண்டிக்காரனும் எப்படியோ விவரம் தெரிந்துகொண்டான் போலிருக்கிறது. வலது தடத்தில் ஆடாமல் அசையாமல் போனான். எல்லாருக்குமாக மஞ்சளைச் சுமந்துகொண்டு வெள்ளை வேன் மட்டும் இடது தடத்தில் டிராக்டர்களுக்கும் ஆட்டுக் கூட்டத்துக்கும் எதிர்த்திசையில் வருகிற மொபெட்டுகளுக்கும் நடுவில் நெளிந்தது. வாணி அதைக் கடக்கும்போதெல்லாம் செப்புக் காப்புப் போட்ட கை வெளியே வரும். உள்ளங்கை உயரும், கதவில் இரண்டு தட்டு. முதல் இரண்டு நாள் அவள் விரலை மடக்கி விரித்தாள். பிறகு முன்கண்ணாடியையே பார்க்கப் பழகிக்கொண்டாள்.

பத்தொன்பதாம் நாள், திங்கட்கிழமை, வீட்டிலிருந்து கரூர் வரைக்கும் ஒரே பச்சை. பாலத்தில் ஏறுமுன் வெள்ளை வேன் வலது தடத்தில் முன்னால் போய்க்கொண்டிருந்தது. இவள் வண்டி நெருங்கியதும் அதற்கு மஞ்சள் எரிந்திருக்கும், உடனே ஒதுங்கிக் கையைக் காட்டியது. பாலம் முழுவதும் இடது பக்கம் கரும்பு லாரிகள். இனி அது எப்போது வெளியே வரும் என்று ஒரு கணம் நினைத்தாள். அடுத்த கணம் கடிகாரம் எட்டு பத்து என்று காட்டியது. நெஞ்சுக்குள் குளிர்ந்துவிட்டது. எட்டரைக்கு ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தினாள்.

"மூணாவது தடவைக்கு இனி வேலையே இல்லைங்க," என்று அவர் கையைப் பிடித்து இறக்கினாள்.

டயாலிசிஸ் அறை பூட்டியிருந்தது.

ஒன்பது ஆனது. ஒன்பதரை ஆனது. வராந்தாவில் ஐந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாள் நீரும் உடம்பில் நிற்கிற திங்கட்கிழமை அது. வையாபுரிக்குப் பாதம் செருப்பில் அடங்கவில்லை. பெஞ்சில் சாய முடியாமல் முன்னால் குனிந்து, தண்ணீரில் மூழ்குகிறவர் மாதிரி இழுத்து இழுத்து மூச்சு விட்டார். ரெஜினா ஓடிவந்து ஆக்சிஜன் மாட்டினார்.

"ஏன் சிஸ்டர் இன்னும் தொறக்கல?"

"டெக்னீசியன் வரலக்கா. மெஷின்ல ஊத்தற கலவைத் தண்ணியும் அவர் வர்ற வண்டியிலதான் சேலத்துல இருந்து வரணும். முன்னாடியெல்லாம் ஒம்பதுக்கு முன்னாடியே வந்துருவாங்க. இந்த ரெண்டு வாரமா தெனமும் கொஞ்சம் கொஞ்சமா லேட்டு. இன்னிக்கு ரொம்பவும் மோசம். என்ன ரோடோ."

எந்த வண்டி என்று வாணி கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்த பதில் அது.

பத்தே காலுக்கு வேன் வந்தது. வெள்ளை வேன். டெக்னீசியன் இறங்கி ஓடினார். ஓட்டுநர் பின்கதவைத் திறந்து ஒவ்வொரு கேனாக, ஆடாமல், குழந்தையைத் தூக்குவதுபோல் இறக்கினார். அறுபதை ஒட்டிய மனிதர், ஒல்லி. மணிக்கட்டில் செப்புக் காப்பு. வாணியின் வண்டியைப் பார்த்தார். வாணியைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பானது.

"முட்டை வண்டி அம்மணி நீங்கதானுங்களா? எம் பேரு சூசைமாணிக்கம். இத்தன நாளா கையத்தான் பாத்திருக்கேன்." கேனைக் கீழே வைத்தார். "பக்கத்துல ஐயா ஒருத்தர் மூச்சு வாங்கிட்டு உக்காந்திருப்பாரு. ஆஸ்பத்திரிக்குத்தான் போறீங்கன்னு நானே நெனச்சுக்குவேன். அதனாலதான் இப்பெல்லாம் நீங்க ஒதுங்கறதில்லன்னு புரிஞ்சுக்கிட்டேன். இன்னிக்குப் பாலத்துல உங்களப் போக விட்டனே, நேரத்துக்கு வந்து சேந்தீங்களா?"

"வந்துட்டமுங்க," என்றாள் வாணி.

அடுத்த ஷிப்டு ஆட்களும் காத்திருந்ததால் அன்று எல்லாருக்கும் நாலு மணிநேரத்துக்குப் பதில் இரண்டே மணிநேரம்தான். பாதி நீரோடு வையாபுரி வெளியே வந்தார். அதற்குள் வாணி மரத்தடியில் சூசைமாணிக்கத்திடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அலுவலகம், நாற்பது மஞ்சள், மூன்று வண்டி, எதையும் மறைக்கவில்லை.

அவர் கோபப்படவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"எனக்கும் அந்தத் தம்பி சொன்னாருங்க. நான் என்ன பண்றது? பின்னாடி இருக்கறது கலவைத் தண்ணி, மெஷின் ஃபில்டரு. குலுங்குனா கேன் ஒழுகிரும், ஃபில்டரு உடஞ்சுரும். பிரேக்க மிதிக்க முடியாது. ஒதுங்கித்தான் ஆகோணும்."

வாணி தன் வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். வழிந்து காய்ந்த மஞ்சள் கரு பின்கதவில் கோடு விட்டிருந்தது.

"புதன்கிழமை நான் ஒதுங்கறேன்," என்றாள். "நாட்டாமை சொன்னாலும் சொல்லாட்டியும் சரி. பாலத்துக்கு முன்னாடி நான் இடது பக்கம் இறங்கிருவேன். நீங்க என்னத் தாண்டிப் போயிருங்க. நீங்க போய்ச் சேந்தாத்தான் எனக்குப் போயும் பிரயோசனம்."

"சரீங்க அம்மணி," என்றார் அவர். அதற்கும் ஒரு கும்பிடு போட்டார்.

புதன்கிழமை காலை ஏழு ஐம்பதுக்குக் கண்ணாடியில் வெள்ளை வேன் தெரிந்தது. வாணி இண்டிகேட்டரைப் போட்டு இடது தடத்துக்கு இறங்கினாள். பலகையில் பச்சை எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. ஒதுங்குகிறேன் என்று அவள் சொன்னதை அது நம்பவில்லை. நாற்பது முறை நாமே சொல்லிக் கொடுத்ததை ஒரே காலையில் மறக்கச் சொன்னால் அது எப்படி மறக்கும்? இவள் இன்னும் வலது தடத்து ஆள்தான், சாலையில் ஒதுங்குகிறவர் ஒருவர் மட்டும்தான் என்று அது கணக்கு வைத்திருந்தது. அந்த ஒருவருக்குப் பின்னால் பதினெட்டுச் சக்கர லாரி ஒன்று விளக்கை மின்னியபடி வந்தது.

மஞ்சள் எரிந்திருக்கும், வெள்ளை வேனும் இடது தடத்துக்கு இறங்கியது. ஒதுங்கியே பழகிய கை, எதையும் யோசிக்காமல் இறங்கிவிட்டது.

வாணி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, முன்னால் போங்கள், போங்கள் என்று வீசினாள். பின்னால் செப்புக் காப்புக் கை வெளியே வந்தது. உள்ளங்கை உயர்ந்தது. நீங்கள் போங்கள் அம்மணி. வலது பக்கம் லாரி போனது, அதன் பின்னால் பஸ் போனது, கார்கள் போயின, பால் வண்டி போனது. ஒன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவில் ஒரு மொபெட் நுழையக்கூட இடமில்லை. முன்னால் கரும்பு டிராக்டர் இரண்டு டிரெய்லரை இழுத்துக்கொண்டு பாலத்தில் ஏறியது.

"ஏம் புள்ள," என்றார் வையாபுரி. பேச இரண்டு மூச்சு வேண்டியிருந்தது. "ஊருல இருக்கற நல்லவங்க ரெண்டு பேரும் ஒரே டிராக்டருக்குப் பின்னாடி நிக்கறீங்களே."

வாணி மூடியில் தண்ணீர் ஊற்றி அவரிடம் கொடுத்தாள். அவர் வாங்கவில்லை.

"இப்ப வேண்டாம்," என்றார். "இன்னிக்கு ரொம்ப நேரம் ஆகும். அது வரைக்கும் இருக்கட்டும்."

பலகையில் பச்சை எரிந்துகொண்டிருந்தது. பின்னால் கதவில் இரண்டு தட்டு கேட்டது.